சத்தம் போடாத வீடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவள் ஏஞ்சல். அவள் வாயைத் திறந்தால் மூன்றாம் வகுப்பு மட்டுமா அடங்கும்? தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நான்காம் வகுப்பும் சேர்ந்து அடங்கும். போன ஆண்டு விழாவில் மைக் பாதியில் உயிரை விட்டபோது, வரவேற்புரையை மைதானத்தின் கடைசி நாற்காலிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது அவள் தொண்டைதான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, நாற்பது பேர் முன்னிலையில் ஒருவர் கேட்டார்: "ஏஞ்சல், குரலே வரலையேம்மா. இந்தக் குரலை வெச்சுக்கிட்டுப் பசங்களை எப்படிச் சமாளிக்கிறீங்க?"

வயிறு எரியுமா எரியாதா? எரிந்தது. ஒரு வாரம் முழுக்க எரிந்தது.

கேட்டவர் பேராசிரியர் கமலவல்லி. ஏஞ்சல் இந்த வருஷம் சேர்ந்திருக்கும் ஆன்லைன் எம்.ஏ. படிப்பில் அவர்தான் முதல் பருவத்துக்குப் பொறுப்பு. கல்வியியல் படிப்பு என்பதால் சேர்ந்த எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் ஆசிரியர்கள். வகுப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு. முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் கேமராவைப் போட்டு, மைக்கைத் திறந்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். திருவள்ளூர் கோவிந்த் என்பவர், முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகங்கள் தெரிய, தன் குடும்பத்தில் யார் யார் என்னென்ன படித்தார்கள் என்பதுவரை நிதானமாகச் சொன்னார். திருநின்றவூர் ஹெலன் தன் பிளாட்டின் பால்கனியில், செடித் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசினாள். கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கெல்லாம் பேசுவதற்கென்று ஓர் இடம் இருந்தது.

ஏஞ்சலுக்கு இருந்தது லைன் வீட்டில் ஒரு அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் பீரோ, நடுவில் பாய். பாயில் அவளுடைய நைனா சின்னராசு. இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கும் அவள் போனுக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இருக்காது.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிஃப்ட் போய் வந்தவர் படுத்துவிட்டால், அந்த வீட்டுப் பெண் கதவுக் கொண்டியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவாள். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். மீன்காரம்மா அந்த வாசலைத் தாண்டித்தான் கூவுவாள். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். வீட்டுக்குள் குக்கர் வைக்கக் கூடாது, பாத்திரம் உருளக் கூடாது, யாரும் வாய் திறந்து பேசக் கூடாது. மற்ற வீடுகளில் இதை ஏதோ முடிந்தவரை பார்ப்பார்கள். ஏஞ்சலின் அம்மா ஆரோக்கியமேரியோ இதைச் சட்டமாகவே வைத்திருந்தாள். அவள் வீட்டில் நைனா தூங்கும்போது மட்டுமல்ல, கொஞ்ச வருஷமாக முழித்திருக்கும்போதும் பேச்சு குறைவுதான். கண் ஜாடை, கை ஜாடை, மிஞ்சிப்போனால் முணுமுணுப்பு. ஏஞ்சல் வாய்ப்பாடு படித்ததே உதட்டை மட்டும் அசைத்துத்தான். இத்தனை வருஷம் இப்படிப் பழகியதில், வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் அவள் குரல் தானாகவே உள்ளே போய்விடும்.

அன்றைக்கும் அதுதான் நடந்தது. அவள் முறை வந்தபோது பேசத்தான் பேசினாள். முணுமுணுப்பாக வந்தது. "கேக்கலை, கேக்கலை" என்று நாலு பேர் எழுதினார்கள். யாரோ மைக்கை மூட மறந்து சிரித்தது இவளுக்கு நன்றாகக் கேட்டது. கமலவல்லி மேடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, போனால் போகிறது என்கிற மாதிரி, "அடுத்த ஞாயிறு இன்னொரு வாய்ப்பு தர்றேன். அறிமுகம் செய்யாதவங்களை நான் எந்தக் குழுவிலேயும் சேர்க்க முடியாது. குழுவில் இல்லைன்னா செய்முறை மதிப்பெண் இல்லை. அப்புறம் அடுத்த வருஷம்தான் சேரணும்" என்றார்.

அடுத்த வருஷமாம்! ஏற்கெனவே அவளுக்குப் பின்னால் பள்ளிக்கு வந்தவர்கள் எல்லாம் பட்டத்தைக் காட்டி ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று மேலே போய்விட்டார்கள். அவள் மட்டும் மூக்கொழுகும் பிள்ளைகளோடு மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் படிப்பு முடிந்தால் அவளும் மேலே போகலாம் என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. இரண்டு நிமிஷம் சத்தமாகப் பேச ஓர் இடம் கிடைக்காததால் அது போய்விடுமா? நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடம் தேடாமலும் இல்லை. பள்ளியில் ஒரு வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடச் சொல்லிக் கேட்டாள். "மேல எழுதிக் குடுங்க டீச்சர், பாக்கலாம்" என்றார்கள். அந்தப் "பாக்கலாம்" என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா? அடுத்த ஞாயிறு காலையில் போனை எடுத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனாள். பூசைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டி வைத்திருந்தார்கள். வளாகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் பாட்டு கூடவே வந்தது. அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து போனை நிமிர்த்தியதுதான் தாமதம், வேலைக்குப் போகிற ஆண்கள் நாலு பேர் என்னவோ ஏதோ என்று பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்கள். "இன்னா, லைவ் போட்றியா?" என்று ஒருவன் பல்லைக் காட்டினான். அவனை அறைந்திருப்பாள். மணி பத்தாகப் போகிறதே என்று ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தாள்.

கொண்டியில் துண்டு தொங்கியது.

உள்ளே வந்ததும் அம்மா உதட்டில் விரலை வைத்தாள். அந்த விரலைப் பார்த்ததும் ஏஞ்சலுக்கு மண்டைக்குள் சுர்ரென்றது. போனைப் பீரோவின் மேல் சாய்த்து வைத்து வகுப்புக்குள் போனாள். வருகைப் பதிவெல்லாம் முடிந்திருந்தது. "ஏஞ்சல் வந்துட்டீங்களா? முதல்ல உங்க அறிமுகம்தான்" என்றார் கமலவல்லி மேடம்.

"என் பெயர் ஏஞ்சல்" என்று ஆரம்பித்தாள். முணுமுணுப்பு.

"கேக்கலைம்மா."

கொஞ்சம் ஏற்றினாள். உடனே பின்னாலிருந்து அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். மறுபடி ஏற்றினாள், அம்மா நறுக்கென்று கிள்ளினாள். திரையில் நாற்பது முகங்கள் பொறுமையாக, இரக்கமாக, வேடிக்கையாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோவிந்த் வாட்சைப் பார்த்தார். மேடம் பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது. "சரி, பரவாயில்லை ஏஞ்சல், நான் அடுத்தவங்களை..."

அவ்வளவுதான். ஏஞ்சல் கையை உதறிக்கொண்டு திரும்பினாள்.

"இன்னாம்மா இப்ப உனக்கு! இன்னாத்துக்கு என் கையப் புடிச்சு இஸ்துகினு கீற? பொறந்ததுலேர்ந்து வாயப் பொத்து, வாயப் பொத்து! பாடக் கூடாது, சத்தமாப் படிக்கக் கூடாது, அழுவக் கூடாது, தும்மக் கூடாது! எல்லாம் இவரு தூக்கத்துக்கு! எனக்கு இன்னிக்கு ஒரு நாளு, ரெண்டே நிமிசம் பேசணும். அதுக்குக்கூட இந்த ஊட்ல எனக்கு வாயி கெடையாதா?"

ஆண்டு விழாக் குரல். ஆஸ்பெஸ்டாஸ் அதிர்ந்தது. உதறிய வேகத்தில் அவள் கை பட்டு அடுப்பு மேடையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் அத்தனையும் சரிந்து தரையில் விழுந்து, ஒவ்வொன்றாகச் சுழன்று அடங்கின. கடைசித் தட்டு நைனாவின் தலைமாட்டுக்கே உருண்டு போய்ப் படுத்தது.

நைனா அசையவில்லை.

ஒருக்களித்துப் படுத்தவர் படுத்தபடியே, வாய் லேசாகத் திறந்து, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு அசதியாக இருந்தாலும் ஒரு மனுஷனுக்குக் கண் இமையாவது துடிக்க வேண்டாமா? ஏஞ்சலுக்கு எங்கோ உதைத்தது. "நைனா!" என்று கூப்பிட்டாள். மூன்றாம் வகுப்பை அடக்குகிற குரலில், இன்னும் ஒரு படி ஏற்றி, "நைனா!" என்றாள். ஒன்றும் இல்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். இத்தனை கலாட்டாவுக்கும் அம்மா தன் புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. அவர் எழுந்துவிட்டாரா என்று பார்க்கவே இல்லை. அவள் ஓடியது வாசலுக்கு. திறந்திருந்த கதவை அவசர அவசரமாகச் சாத்திக்கொண்டிருந்தாள்.

ஏஞ்சல் எட்டிப் போய்ப் போனின் மைக்கை அணைத்தாள். "உனுக்குத் தெரியுமா?" என்றாள்.

"கத்தாதடி. மேஸ்திரி லோகு ஊட்ல கேக்கும்."

"தெரியுமான்னு கேட்டன்."

"தெரியும்." அம்மா கதவில் சாய்ந்து நின்றாள். "மூணு வருசம் ஆவுது. மொதல்ல ஒரு காது. அப்பால ரெண்டும்."

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லல?"

"உங்கிட்டயா? சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா மில்லு கேட்டாண்ட போய் நின்னுகினு சண்ட போடுவ. அவங்க இன்னா, புதுசாக் காது வாங்கிக் குடுப்பாங்களா? மறுநாளே வேணான்னு அனுப்புவாங்க. காது கேக்காதவன மிசினாண்ட எவன்டி உடுவான்? கேட்டா, நீ காண்ட்ராக்ட் ஆளு, எங்க ஆளே இல்லன்னுவாங்க." அம்மாவின் குரலிலும் கோபம்தான் இருந்தது, ஆனால் அதுவும் முணுமுணுப்பாகவே வந்தது. "இந்த லைனு பூரா அதே மில்லு ஆளுங்கோ. ஊட்ல சத்தமாப் பேசிக்கினு இருந்தா, கூப்டா இவரு திரும்பலன்றது ஒரு நாள்ல தெரிஞ்சிப்பூடும். யாரும் பேசாத ஊட்ல எவனுக்குத் தெரியும், சொல்லு?"

எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முகத்தில் அறைந்தது. நைனா போனில் கிரிக்கெட்டைச் சத்தமில்லாமல் பார்ப்பார்; நாம் படிக்கிறோமே என்று பார்க்கிறார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். பேசினால் முகத்தையே உற்றுப் பார்ப்பார். பாசம் என்று நினைத்திருக்கிறாள். மில்லில் இரைச்சலுக்குள் நின்று நின்று ஒருவர் உதட்டை ஒருவர் படிக்க எல்லோருக்குமே பழக்கம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் மகளிடமே மூன்று வருஷம் ஓட்டுவார் என்று யார் கண்டார்கள்? நைட் ஷிஃப்ட்டைத்தான் கேட்டு வாங்குகிறார். ஏன்? இராத்திரியில் ஆபீசர்கள் வரமாட்டார்கள், பின்னாலிருந்து யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். சீ! டீச்சராம் டீச்சர். வகுப்பில் எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று ஒரே நாளில் கண்டுபிடிப்பவள், ஒரே அறையில் படுத்திருக்கிற தகப்பனைக் கவனிக்கவில்லை.

யார்மேல் கோபப்படுவது? ஒரு மனுஷனின் இரண்டு காதையும் வாங்கிக்கொண்டு, அடைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கொடுக்காத மில்லின்மேல் வந்தது. மறைத்த அம்மாமேல் வந்தது. இப்படி ஒன்றும் நடக்காதது போல் தூங்குகிறாரே என்று நைனாவின்மேல்கூட வந்தது. எவரையும் ஒன்றும் செய்ய முடியாது என்பதில்தான் அது இரண்டு மடங்கானது.

போனில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஏஞ்சல்? ஏஞ்சல், அங்கே எல்லாம் சரிதானேம்மா?"

அவள் போய் மைக்கைத் திறந்தாள். முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என் பெயர் ஏஞ்சல். கும்மிடிப்பூண்டி. என் அப்பா சின்னராசு, அம்மா ஆரோக்கியமேரி. அப்பா இரும்பு மில்லில் நைட் ஷிஃப்ட் வேலை செய்கிறார். ஆறு வருஷமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் இதே மாதிரி மில் பிள்ளைகள். வீட்டில் அவர்களால் வாய்விட்டுப் படிக்க முடியாது. அதனால் என் வகுப்பில் எல்லாவற்றையும் கத்தித்தான் படிக்க வேண்டும். அவர்களைப் பெரிய வகுப்புகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றுதான் இந்தப் படிப்புக்கு வந்தேன். போன வாரம் என் குரலை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள் மேடம். இப்படித்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கொஞ்சம் தடுமாறிவிட்டு, "இப்ப நல்லாவே கேக்குது" என்றார். பிறகு அக்கறையாகத்தான் கேட்டார்: "நைட் ஷிஃப்ட்னா, அப்பா இப்ப தூங்கிக்கிட்டு இருப்பாரே? அவருக்குத் தொந்தரவா இல்லையா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனிவரை வந்தது. தொந்தரவா? அவர் தலைமாட்டில் இடி விழுந்தாலும் தொந்தரவு கிடையாது மேடம், கேளுங்கள், எல்லோரும் கேளுங்கள் என்று இந்த நாற்பது பேருக்கும், இந்த லைனுக்கும், மில்லுக்கும் சேர்த்துக் கத்த வேண்டும் போல் இருந்தது. அதற்கான குரல் இன்றைக்கு அவளிடம் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். லோகு. மில்லில் அதே காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன். யாருக்கு எந்த ஷிஃப்ட், யாரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்பது எல்லாம் அவன் வாயில்தான் இருந்தது. அம்மா முகம் செத்துப்போனது. ஏஞ்சல்தான் போய்க் கதவைத் திறந்தாள். துண்டு இன்னும் கொண்டியில் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னா ஏஞ்சலு, துண்டு தொங்குது, நீயே இப்டிக் கூவினு கீற? பாத்திரம் வேற உருளுது. அண்ணன் எழுந்துக்கல?"

"எழுந்துக்கினாருண்ணா" என்றாள் ஏஞ்சல். எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "முழிச்சுக்கினுதான் படுத்துனு கீறாரு. கிளாஸுல நல்லா சத்தமாப் பேசும்மான்னு சொன்னதே நைனாதான்."

லோகு அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான். "இன்னாண்ணே, பொண்ணு வெளுத்து வாங்குதே?"

அம்மா பாயின் ஓரத்தில் எப்போது போய் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அவள் கை போர்வைக்குக் கீழே போய் நைனாவின் காலை ஒரு அழுத்து அழுத்தியது. நைனா கண்ணைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார், அம்மா பார்த்த திசையில் வாசலைப் பார்த்தார், லோகுவின் வாய் அசைந்து முடிவதைப் பார்த்தார். ஒரு கையைத் தூக்கி, மில்லில் 'எல்லாம் ஓகே' என்பதற்குக் காட்டுகிற மாதிரி கட்டை விரலை ஆட்டிச் சிரித்தார். எத்தனை நாள் பழக்கம்! மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையை அவர்கள் இரண்டு பேராகவே இதுவரை செய்திருக்கிறார்கள்.

"சர்தான்" என்று சொல்லிவிட்டு லோகு போனான்.

ஏஞ்சல் திரும்பி வந்து போன்முன் நின்றாள். "தொந்தரவு இல்லை மேடம். அப்பா முழிச்சுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்" என்றாள். கமலவல்லி மேடம் சந்தோஷப்பட்டார். அவளை இரண்டாம் குழுவில் சேர்த்தார். கோவிந்த், ஹெலன் எல்லோரும் அதே குழு. "வாழ்த்துகள் சிஸ்டர், செம வாய்ஸ்" என்று ஹெலன் எழுதியிருந்தாள். கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. ஏஞ்சலுக்கு அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல் இருந்தது. அறிமுகத்தில் அவள் சொன்ன ஒரே பொய்யைத்தான் எல்லோரும் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

வகுப்பு முடியும்போது நைனா எழுந்து உட்கார்ந்திருந்தார். தலைமாட்டில் கிடந்த தட்டை எடுத்து, இது எப்படி இங்கே வந்தது என்பது போல் திருப்பிப் பார்த்து ஓரமாக வைத்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"கிளாஸு முடிஞ்சிதாமா? எனுக்காவ மெதுவாப் பேசிக்கினு ரொம்ப கஸ்டப்பட்டுட்டியா? நல்லா சத்தமாவே பேசிக்க வேண்டியதுதான? எனுக்கு ஒண்ணும் பேஜாரு இல்ல."

பின்னாலிருந்து அம்மா கண்ணால் கெஞ்சினாள். வேண்டாம்டி, இன்றைக்கு வேண்டாம். ஏஞ்சல் நைனாவின் எதிரே போய் உட்கார்ந்து, குரலை வெளியே விடாமல், உதட்டை மட்டும் அசைத்தாள். சின்ன வயதில் வாய்ப்பாடு படித்தாளே, அதே மாதிரி. ஒரு மூச்சுகூட வெளியே வரவில்லை.

நாஷ்டா துன்றியா நைனா?

"இட்லியா? ரெண்டு வையி, போதும்" என்றார் அவர்.

ஏஞ்சல் எழுந்து போய் இரண்டு இட்லி எடுத்து வந்து, தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள். சொம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்த நைனா தலையை நிமிர்த்தவில்லை.